இரவல் அட்டை

அத்தியாயம் பதினொன்று

கல்யாணமான நாளிலிருந்து கிடங்குக்காரர் தன் மனைவியிடம் எதற்கும் மூன்று தடவைக்கு மேல் பேரம் பேசியதில்லை. நாலாவது தடவை கேட்டால் அவள் விலையைக் குறைக்க மாட்டாள், ஏற்றிவிடுவாள் என்பது அவருடைய அனுபவம். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு வாரமாக, அந்த ஆஸ்பத்திரி வேண்டாம், வேறு பார்க்கலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். தூரம் என்றார். கூட்டம் என்றார். கார் நிறுத்த இடம் கிடைக்காது என்றார். அவர்களிடம் கார் கிடையாது.

மனைவி, தையற்காரி, எதற்கும் மசியவில்லை. பிழைக்க வந்த இந்தத் தேசத்தில் வைத்தியம் என்பது நகைக்கடை மாதிரி. படியேறுவதற்கு முன்னால் யார் பணம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். துணிக்கடையில் அளவு திருத்திக் கொடுக்கிற அவளுடைய வேலைக்குக் காப்பீடு கிடையாது. புருஷன் வேலை பார்க்கிற டைல்ஸ் கிடங்குதான் இரண்டு பேருக்கும் காப்பீட்டு அட்டை கொடுத்திருந்தது. அதிலும் பிள்ளையில்லாதவர்களின் சிகிச்சைக்குப் பணம் தருவது இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தது, அதுவும் அந்த ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும். மனைவிக்கு நாற்பது வயது ஆகியிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவளுக்கு முப்பத்தொன்பது. கடையை அடைப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும்.

அவர் ஏன் இழுக்கிறார் என்பதற்கு அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். குறை தன்னிடம் என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று ஆம்பளைக்குப் பயம். பாவம்.

அதனால் காலையில் பஸ்ஸில் போகும்போது அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "குறை யார்கிட்ட இருந்தா என்ன? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்று தைரியம் சொன்னாள்.

கிடங்குக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள். அதில் தப்பில்லை. எதற்காக என்பதில்தான் கொஞ்சம் பிசகு.

ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பலகை. மற்றவர் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறுவது குற்றம், இரவல் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு, வேலையும் இங்கே தங்கும் அனுமதியும் போகும் என்று பல மொழிகளில் எழுதியிருந்தது. கூப்பிடும்வரை தையற்காரி அதைப் படித்துக்கொண்டிருந்தாள். கிடங்குக்காரர் சுவரில் இருந்த மற்ற எல்லாவற்றையும் படித்தார்.

டாக்டரம்மா நரைத்த தலையும் தாழ்ந்த குரலுமாக இருந்தார். இந்த ஊர் மொழியில்தான் பேசினார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசித் தையற்காரிக்கும் அது பழகியிருந்தது. இடுப்பளவு பேசத் தாராளமாக வரும். மனசைப் பேசக் கொஞ்சம் பிடிக்கும்.

வயது, எடை, தூக்கம் என்று கேட்டுக்கொண்டே கணினியில் பார்த்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார். இன்னொரு முறை படித்தார். பிறகு கிடங்குக்காரரைப் பார்த்துச் சிரித்து, ஐயா சற்று வெளியே உட்கார முடியுமா, அம்மாவிடம் தனியாகச் சில கேள்விகள் உண்டு என்றார். பாக்கி கேட்க வந்தவனைக் கண்ட கடனாளி மாதிரி அவர் சட்டென்று எழுந்து போனார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு கரு கலைஞ்சிருக்கு. அது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

வேறு யாருடைய விவரத்தையோ பார்க்கிறார் என்றுதான் தையற்காரி முதலில் நினைத்தாள். தனக்கு அப்படி எதுவும் ஆனதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய பெயர். பிறந்த தேதி. அட்டை எண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி இதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் உதிரப்போக்கோடு சேர்ந்து, வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு, மறுநாள் வீடு திரும்பியிருக்கிறாள்.

அந்த வாரம் அவள் பிறந்த ஊரில், கடைசித் தங்கையின் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே உதவாது என்பதால் காப்பீட்டு அட்டையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டில் அப்போது இருந்த பெண் ஒருத்திதான். கொழுந்தன் பெண்டாட்டி. சின்னவள் வந்து சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கொழுந்தனுக்கு நிரந்தர வேலை கிடைக்காத காலம், இருவருக்கும் காப்பீடு கிடையாது. தையற்காரி ஊரிலிருந்து திரும்பியபோது சின்னவள் துரும்பாகக் கிடந்தாள். விஷக்காய்ச்சல் என்றார்கள். அவளும் நம்பி, அந்தப் பெண்ணுக்குத் தினமும் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

நகை இரவல் வாங்கலாம், பட்டுச்சேலை இரவல் வாங்கலாம், குடும்பம் என்றால் நடப்பதுதான். திருப்பிக் கொடுக்கும்போது பொருள் பழையபடி இருந்தால் போதும். இது திரும்பி வரும்போது ஒரு பிள்ளையைச் சுமந்து, இழந்துவிட்டு வந்திருந்தது.

'அது நானில்லை.' இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வெளியே அந்தப் பலகை இருந்தது. அதற்கு எதிரே புருஷன் உட்கார்ந்திருந்தார். சொன்னால் அவர் வேலை போகும், அவர் வேலையில் தொங்குகிற நான்கு பேருடைய இருப்பும் போகும்.

"நான்தான்" என்றாள். "அவருக்குத் தெரியும்."

அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் சுத்தமான உண்மை.

அதன் பிறகு நடந்ததுதான் அவளைக் குன்றவைத்தது. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அது உங்கள் தவறில்லை, எந்தப் பெண்ணும் செய்த தவறில்லை என்றார். எத்தனை நாள் வலி இருந்தது, பிறகு மாதவிலக்கு எப்படி வந்தது என்று மெதுவாகக் கேட்டார். அளவு நாடா இல்லாமல் ஆளைப் பார்த்தே அளவு சொல்வது தையற்காரிக்குக் கைவந்த கலை. அன்றைக்கு ஆளையும் பார்க்காமல் அளவு சொன்னாள். வாய்க்கு வந்த நாளும் வாரமும் டாக்டரம்மாவின் விரல்களில் எழுத்தாகிக்கொண்டிருந்தன. நடுவில் அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். அந்த நல்ல மனுஷியை ஏமாற்றி ஆறுதல் வாங்குகிறோமே என்று நினைக்க நினைக்க இன்னும் வந்தது.

கடைசியில் முடிவு சொன்னார். சுத்தம் செய்த இடத்தில் தழும்பு விழுந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளை தங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, உள்ளே சின்ன கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதை முடிக்காமல் வேறு சிகிச்சை எதையும் தொடங்குவதற்கில்லை. முதல் காலியிடம் கிடைத்ததும் கூப்பிடுவார்கள்.

வெளியே கிடங்குக்காரர் காகிதக் குவளையில் ஆறிப்போன டீயோடு நின்றுகொண்டிருந்தார். இவள் நிற்காமல் நடந்தாள். அவர் டீயை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

பஸ் கிளம்பி, ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"நான் எத்தனை மாசமா இருந்தேன்?"

எதைக் கேட்கிறாள் என்று புரியாத மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஒரு மரியாதையை மிச்சம் வைத்தார்.

பிறகு தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். தம்பி வெளியூரில் லோடு ஏற்றப் போயிருந்தான். சாயங்காலம் தொடங்கியது நிற்கவில்லை. குளியலறைத் தரையில் சின்னவள் சுருண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலில் கேட்ட முதல் கேள்வி, அட்டை இருக்கிறதா என்பது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அலமாரியைத் திறந்து அதைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். அட்டையில் படம் கிடையாது. அந்த அமளியில் யாரும் வயதை ஒத்துப் பார்க்கவில்லை.

"பொண்ணு சாகக் கிடந்தாம்மா. நீ இருந்திருந்தா நீயே எடுத்துக் குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன். குடுத்தது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மொழி புரியாவிட்டாலும் குடும்பச் சண்டையின் ராகம் எல்லோருக்கும் புரியும்.

சொல்லக்கூடாதென்று நினைக்கவில்லை என்றார் கிடங்குக்காரர். இத்தனை வருஷம் காத்திருக்கிறவளுக்கு முன்னால் நேற்று வந்தவளுக்குத் தரித்தது, அதுவும் தங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? உன் மனசு நோகும் என்றுதான் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம் என்றார்.

"நொந்திருக்கும்" என்றாள் அவள். "எனக்கு வரவேண்டிய வருத்தத்தை எனக்குக் குடுக்காம நீங்க மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டீங்க. இன்னிக்கு அதை ஒரு டாக்டர் என் கையில குடுக்கறாங்க. என்னன்னு தெரியாம வாங்கிட்டு வரேன்."

கிடங்கில் வேலைபார்க்கிறவருடைய மூளை, உடைந்த சரக்கை எப்படித் தள்ளிவிடலாம் என்றுதானே போகும்? இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவர் அந்தத் தப்பைச் செய்தார். கேமரா விட்டுத்தானே பார்க்கப் போகிறார்கள், பார்க்கட்டுமே என்றார். தழும்பு எதுவும் இருக்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அடுத்த சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள், அதுவரைக்கும் வாயைத் திறந்தால் முதலுக்கே மோசம்.

தையற்காரி அவரைப் பார்த்தாள். துணியைத் திருப்பிப் பின்பக்கத்து இழையைப் பார்க்கிற பார்வை.

"அவளோட காயத்தை என் வயித்துல தேடுவாங்க. நான் மயக்கத்துல படுத்திருக்கணும். அதானே?"

சொல்லிக் கேட்டபோதுதான் தான் பேசியது என்ன என்று கிடங்குக்காரருக்குத் தெரிந்தது. கையிலிருந்த டீக்குவளை நசுங்கி, மிச்சம் கால்சட்டையில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

வீட்டில் சின்னவள் மட்டும்தான் இருந்தாள். ராத்திரி வேலைக்குப் போகிறவள், அப்போதுதான் எழுந்து முகம் கழுவியிருந்தாள். தையற்காரி செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். யாருடைய கால்சட்டையையோ எடுத்து ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். கோபம் என்றால் அவளுக்குக் கத்தத் தெரியும், பாத்திரத்தை ஓசைப்படுத்தத் தெரியும். இது அந்த ரகமில்லை. அழுதுவிட்டு வந்த கண்ணை இந்தப் பெண்ணிடம் காட்டவே கூசியது.

சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்கக்கா?"

"உனக்காக வருத்தப்பட்டாங்க."

"எனக்கா? எனக்கு எதுக்கு..."

பாதியில் நிறுத்தினாள். வாசலோரம் நின்ற கிடங்குக்காரரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல இருமவில்லை. இரண்டு வருஷமாக இந்தப் பேச்சுக்குக் கிட்டத்தில் எது வந்தாலும் அவருக்கு ஒரு இருமல் வரும், சின்னவள் வாயை மூடிக்கொள்வாள். அன்றைக்கு இருமல் வராததே அவளுக்குப் பதிலாயிற்று. மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்தான் அவள் பேசினாள்.

"உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்கக்கா. ஒவ்வொரு தடவையும் யாரையோ கூப்பிடறாங்கன்னு கிடந்தேன், மாமா தொட்டுச் சொன்னாங்க. அப்புறம் எல்லாத்துக்கும் உங்க பேர்ல 'ம்' சொன்னேன். முடிஞ்சதும் அழுகை வந்துச்சு. அடுத்தவங்க பேர்ல படுத்துக்கிட்டு எப்படி அழறதுன்னு அடக்கிக்கிட்டேன்."

தையற்காரி மெஷினை நிறுத்தினாள்.

"நீங்க தலைவாரி விட்டீங்கல்ல, அப்ப சொல்லியிருக்கணும். உங்க கை சுத்தமா இருந்துச்சு. எனக்குத்தான் கூசுச்சு."

"நான்கூட இன்னிக்கு உன் பேர்லதான் அழுதேன்" என்றாள் தையற்காரி. "டாக்டருக்குத் தெரியாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சின்னவள் தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்குவதற்கு அங்கே அதிகம் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தையற்காரி அதை மெஷின் மேசைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டாள். ஒரு நர்ஸ். யாரோ வரவில்லை என்பதால் நாளைக் காலையிலேயே இடம் காலியாம். ராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது, வருவது நிச்சயமா என்று இப்போதே சொல்லவேண்டும் என்றாள்.

தையற்காரி போனைப் புருஷன் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதி வெச்சது நீங்க. நீங்களே சொல்லுங்க."

கிடங்குக்காரர் போனைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், மெஷின் ஊசியைப் பார்த்தார். நாளைக்கு முடியாது, காய்ச்சல் என்று ஒரு வார்த்தையில் தள்ளிப்போட வழியிருந்தது. தள்ளிப்போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கால்சட்டையில் டீக்கறை காய்ந்து விறைத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஊர் மொழியில், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார்.

"என் மனைவி இதுவரைக்கும் உண்டானதே இல்லை. உங்ககிட்ட எழுதியிருக்கிறது தப்பு."

நர்ஸின் குரல் உடனே மாறியது. அம்மாவுடைய விவரங்களை உங்களிடம் பேச எனக்கு அனுமதி இல்லை என்றாள். அவர் பக்கத்தில் இருக்கிறாரா, தனியாகப் பேச முடியுமா என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, அவர் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று கேட்டாள்.

பெண்டாட்டியிடம் உரக்கக்கூடப் பேசியறியாத மனுஷர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொய் சொன்னபோது அந்த ஆஸ்பத்திரி அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது. உண்மை சொன்னதும் பெண்டாட்டியின் பழைய கதையைத் தோண்டி அடிக்கிற புருஷன் ஆகிவிட்டார். முகம் சுண்டிப்போய், இல்லைங்க, அப்படி இல்லைங்க என்று தமிழிலேயே சொன்னார்.

தையற்காரி குனிந்து, அவர் சொல்வது சரிதான் என்றாள். நர்ஸ் இன்னும் ஜாக்கிரதையானாள். காலையில் டாக்டரிடம் நீங்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்களே, இப்போது யாராவது இப்படிச் சொல்லச் சொல்கிறார்களா, ஆமாம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

காலையில் சொன்ன ஒரு பொய்யை டாக்டரம்மா எத்தனை பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதை இப்போது யார் உடைப்பது?

சின்னவள் எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா" என்றார் கிடங்குக்காரர். "சொன்னா திருப்பி வாங்க முடியாது. தம்பி வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அவரு என்ன சொல்லுவாரு மாமா? கலைஞ்சது எனக்கு."

மேசைமேல் குனிந்து போனுக்கு வெகு அருகில் போய்ப் பேசினாள். அவளுக்கு இந்த ஊர் மொழி கொச்சைதான். ஆனால் தேவையான சொற்களெல்லாம் இருந்தன. தன் பெயரைச் சொன்னாள். அன்றைக்கு அங்கே படுத்திருந்தது நான், அக்கா அப்போது ஊரிலேயே இல்லை, அவளுக்குத் தெரியாது, அவள் வயிற்றில் ஒன்றும் செய்யாதீர்கள் என்றாள்.

மறுமுனையில் நர்ஸ், வேறு யாருடைய குரலோ மாதிரி, தயவுசெய்து காத்திருங்கள் என்றாள். காத்திருக்கிறவர்களுக்கென்று போடுகிற பாட்டு தொடங்கியது. துள்ளலான பாட்டு. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டார்கள். கிடங்குக்காரர் மட்டும் ஒரு தடவை, போனை வைத்துவிடலாமா என்பதுபோலக் கையை நீட்டினார். தையற்காரி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்பினாலா, ஜாக்கிரதையினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாட்டு பாதியில் அறுந்தது. இப்போது ஓர் ஆண்குரல். அவசரமில்லாத குரல். காப்பீட்டு விவகாரங்களைப் பார்க்கும் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னது. இந்த உரையாடல் பதிவாகிறது என்றது. அட்டைக்கு உரியவரிடம்தான் பேசுகிறேனா என்று கேட்டது.

தையற்காரி புருஷனைப் பார்த்தாள். சின்னவளைப் பார்த்தாள்.

"மூணு பேரும் இங்கதான் இருக்கோம்" என்றாள். "யாரு முதல்ல பேசணும், சொல்லுங்க."